இலவச பிரவுசரின் வரவு செலவு

2025 ஆகஸ்ட் 12ஆம் தேதி, பெர்ப்ளெக்சிட்டி என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனம் கூகுளிடம் ஒரு விலை பேசியது. குரோம் பிரவுசரைக் கொடுத்துவிடுங்கள், 3,450 கோடி டாலர் தருகிறோம் என்றது. கேட்ட நிறுவனத்தின் சொந்த மதிப்பே அப்போது ஏறத்தாழ 1,800 கோடி டாலர்தான். விற்பனை நடக்கவில்லை. ஆனாலும் அந்த விலையை வைத்து ஒரு கணக்குப் போடலாம். குரோமைப் பயன்படுத்துவோர் 300 கோடிப் பேருக்கு மேல். வகுத்துப் பார்த்தால் தலைக்குப் பதினொன்றரை டாலர், நம் பணத்தில் ஆயிரம் ரூபாய். காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்கிற ஒரு மென்பொருளுக்கு, அதற்குள் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவர் தலைக்கும் ஆயிரம் ரூபாய் வைத்து வாங்க ஆள் இருக்கிறது.

பிரவுசரை மாற்றலாமா என்று கேட்பவர்கள் வேகம், நினைவகம், வசதிகள் என்றுதான் விசாரிப்பார்கள். தனியுரிமைக்காக மாற்றுவதாக இருந்தால் முதலில் விசாரிக்க வேண்டியது வேறு: அந்த பிரவுசரை எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்? பிரவுசரின் அமைப்புப் பக்கத்தில் எத்தனை பொத்தான்கள் இருந்தாலும், சம்பளம் தருகிறவரின் வருமானத்தைக் குறைக்கும் பொத்தான் அங்கே எளிதில் வராது.

பிரவுசர் ஒரு காலத்தில் விலைக்குத்தான் கிடைத்தது. 1990களின் நடுவில் நெட்ஸ்கேப் நேவிகேட்டரின் விலை 49 டாலர். மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை விண்டோஸோடு சேர்த்து இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியதும் அந்த வியாபாரம் படுத்தது. 1998 ஜனவரியில் நெட்ஸ்கேப்பும் இலவசமாயிற்று. நார்வேயின் ஓபரா இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. விளம்பரப் பட்டை வேண்டாம் என்றால் 39 டாலர் கட்ட வேண்டும் என்ற ஏற்பாட்டை 2005 செப்டம்பரில் அதுவும் கைவிட்டது. மூன்று ஆண்டு கழித்து, 2008 செப்டம்பர் 2ஆம் தேதி, குரோம் வந்தது. அதற்குள் பிரவுசருக்குக் காசு கொடுப்பது என்ற பழக்கமே மக்களிடம் போய்விட்டிருந்தது.

வாங்குபவர் கொடுப்பதை நிறுத்தியபின் தேடுபொறி கொடுக்க ஆரம்பித்தது. எவ்வளவு கொடுக்கிறது என்பது நெடுநாள் ரகசியமாக இருந்து, அமெரிக்க அரசு கூகுள் மீது போட்ட ஏகபோக வழக்கில்தான் வெளியே வந்தது. செல்போன்களிலும் பிரவுசர்களிலும் தன் தேடலே முதலில் நிற்க வேண்டும் என்பதற்காக 2021ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் கொடுத்தது 2,630 கோடி டாலர். 2022இல் ஆப்பிளுக்கு மட்டும் போனது 2,000 கோடி டாலர், அன்றைய மதிப்பில் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். சஃபாரி வழியாக வரும் தேடல் விளம்பர வருமானத்தில் நூற்றுக்கு 36 பங்கு ஆப்பிளுக்கு என்பது ஒப்பந்தம். ஐபோனில் தேடுபொறியை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. பெரும்பாலோர் அந்த ஒரு நிமிடத்தைச் செலவிட மாட்டார்கள் என்ற நம்பிக்கைக்குத்தான் இத்தனை பணம்.

கொடுப்பவருக்கு இது கட்டுப்படியாகிறது. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட்டின் 2024ஆம் ஆண்டு வருவாய் 35,000 கோடி டாலர். அதில் விளம்பரம் மட்டும் 26,459 கோடி, அதாவது முக்கால் பங்கு. உலகில் இணையம் பயன்படுத்துவோர் 550 கோடிப் பேர். தலைக்குப் போட்டால் ஆண்டுக்கு 48 டாலர், நாலாயிரம் ரூபாய். சீனாவின் நூறு கோடிப் பேருக்கு கூகுள் கிடையாது என்பதால், மற்றவர்கள் தலையில் விழும் தொகை இன்னும் கூடுதல்.

இந்தத் தொகை எல்லா நாட்டவருக்கும் ஒன்றல்ல. ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் வட்டாரவாரியான கணக்கைக் கடைசியாக வெளியிட்டது 2023இன் நான்காம் காலாண்டுக்கு. ஃபேஸ்புக்கில் அமெரிக்க, கனடாப் பயனர் ஒருவரால் அந்த மூன்று மாதத்தில் கிடைத்தது 68.44 டாலர். நாம் அடங்கிய ஆசிய பசிபிக் பகுதியில் ஒருவரால் கிடைத்தது 5.52 டாலர். பன்னிரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். நம் தலைக்கு விலை குறைவு என்பதால் நம்மிடம் எடுக்கும் தகவல் குறைவதில்லை. திருநெல்வேலியில் ஒருவர் திறக்கும் பக்கத்திலும் சிகாகோவில் ஒருவர் திறக்கும் பக்கத்திலும் ஓடுவது ஒரே கண்காணிப்பு நிரல்தான். கிடைக்கும் காசு குறைந்தாலும் கொடுக்கும் தகவல் குறையாத இந்தப் பேரம் எனக்குக் கோபத்தையே தருகிறது.

எடுக்கப்படுவது என்ன, எவ்வளவு? பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் பத்து லட்சம் தளங்களைத் திறந்து அளந்தார்கள். நாம் திறக்கும் தளத்துக்குச் சம்பந்தமில்லாமல் உள்ளே நுழையும் மூன்றாம் தரப்பினர், இரண்டு தளங்களிலாவது தென்பட்டவர்கள், 81,000 பேர். நூற்றில் ஒரு தளத்துக்கு மேல் பரவியிருந்தவர்கள் 123 பேர்தான். முதல் ஐந்து இடங்களும் கூகுளுக்குச் சொந்தமானவை. மிக அதிகமாகக் கண்காணிப்பு நிரல்களைச் சுமந்திருந்தவை செய்தித் தளங்கள்.

தளங்கள் நம் பிரவுசரில் விட்டுவைக்கும் அடையாளக் குறிப்பான குக்கியை அழித்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு 2010இல் வந்த ஒரு கணக்கைக் காட்டுவேன். எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த பீட்டர் எக்கர்ஸ்லி 4,70,161 பிரவுசர்களை ஆராய்ந்தார். குக்கியைத் தொடவே இல்லை. பிரவுசர் தானாகச் சொல்லும் விவரங்களை மட்டும் எடுத்துக்கொண்டார்: பதிப்பு, திரை அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம், மொழி. 83.6 விழுக்காடு பிரவுசர்களுக்கு அந்தக் கூட்டத்தில் ஜோடியே இல்லை. ஃபிளாஷ் அல்லது ஜாவா இருந்தவற்றில் 94.2 விழுக்காடு. அவர் அதை 'பிட்' கணக்கில் எழுதினார். ஒரு பிட் தெரிந்தால் கூட்டம் பாதியாகும், இன்னொன்று தெரிந்தால் கால் பங்காகும். நேர மண்டலம் தந்தது 3.04 பிட், திரை அளவு 4.83, பிரவுசரின் பெயரும் பதிப்பும் 10, எழுத்துருப் பட்டியல் 13.9. எல்லாம் சேர்ந்து குறைந்தது 18.1 பிட். 2,86,777 பேரில் ஒருவரைத் தனியே பொறுக்கி எடுக்க அது போதும். 33 பிட் இருந்தால் 859 கோடிப் பேரில் ஒருவரைக் காட்டிவிடலாம். பூமியில் அத்தனை பேர் இல்லை.

தமிழில் கணினியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் நெருக்கமானது. இந்திய நேரம் என்பது 140 கோடிப் பேருக்குப் பொது, அதனால் அது அதிகம் காட்டிக்கொடுக்காது. ஆனால் விருப்ப மொழியில் தமிழை முதலில் வைத்து, வேலைக்காக ஏழெட்டுத் தமிழ் எழுத்துருக்களையும் நிறுவி வைத்திருக்கும் ஒரு பத்திரிகைக்காரரின் கணினி, திறக்கிற ஒவ்வொரு தளத்திலும் தன்னைத் தனித்துக் காட்டிக்கொள்கிறது. அடையாளத்தை மறைப்பதற்கென்றே உருவான டார் பிரவுசர் இதற்குக் கையாளும் வழியைப் பார்த்தால் விஷயம் விளங்கும். எங்கிருந்து திறந்தாலும் நேரத்தை உலகப் பொது நேரமாகச் சொல்கிறது. ஜன்னலை இழுத்துப் பெரிதாக்கினால், பக்கம் அகலத்தில் 200, உயரத்தில் 100 புள்ளிகள் கொண்ட படிகளாகத்தான் வளரும். மிச்ச இடத்தைச் சுற்றிலும் வெற்று விளிம்பாக விட்டுவிடும். எழுத்துருக்களிலும் எல்லோருக்கும் பொதுவான ஒரு பட்டியலையே தளத்துக்குக் காட்டும். எல்லோரையும் ஒரே உருவத்தில் நிறுத்துவதே நோக்கம்.

செல்போனில் நடந்த ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோருக்கு இணையம் என்பதே ஆண்ட்ராய்டு போன்தான். 2025 ஜூன் 3ஆம் தேதி ஸ்பெயின், நெதர்லாந்து, பெல்ஜியம் ஆய்வாளர்கள் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். போனில் ஃபேஸ்புக் அல்லது இன்ஸ்டாகிராம் செயலி பின்னணியில் ஒரு உள்வாசலைத் திறந்துவைத்துக் காத்திருக்கும். நீங்கள் பிரவுசரில் ஏதோ ஒரு தளத்துக்குப் போகிறீர்கள். அங்கே மெட்டாவின் 'பிக்சல்' நிரல் இருந்தால், உங்கள் குக்கி எண்ணை அது 127.0.0.1 என்ற உள்முகவரிக்கு, அதாவது உங்கள் போனுக்குள்ளேயே, அனுப்பிவிடும். வாங்கிக்கொள்ளும் செயலிக்கு உங்கள் பெயர் தெரியும், ஏனென்றால் அங்கே நீங்கள் உள்நுழைந்திருக்கிறீர்கள். பெயரில்லாமல் பார்த்த பக்கம் பெயரோடு பதிவாகிறது. குக்கியை அழித்தாலும், மறைநிலை ஜன்னலில் திறந்தாலும் பயனில்லை. அந்த பிக்சல் ஏறத்தாழ 58 லட்சம் தளங்களில் இருந்தது. மெட்டா இதைத் தொடங்கியது 2024 செப்டம்பரில். ரஷ்யாவின் யாண்டெக்ஸ் இதே வேலையை 2017 முதல் செய்துகொண்டிருந்தது. செய்தி வெளியான அன்றே மெட்டா நிறுத்தியது. சோதித்ததில் குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அகப்பட்டன. பிரேவ் அகப்படவில்லை. வெளித்தளம் எதுவும் போனின் உள்முகவரியைத் தொட அது 2022 முதலே அனுமதி கேட்கிறது.

மறைநிலை ஜன்னல் பற்றித் தனியாக அதிகம் எழுத வேண்டியதில்லை. அதை நம்பியவர்கள் 2020இல் கூகுள் மீது 500 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள். 2024 ஏப்ரலில் பதிவான சமரசத்தில் கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது. வழக்கில் அடங்கிய கோடிக்கணக்கான பயனர்களுக்கு ஒரு டாலர்கூட இழப்பீடு இல்லை.

மாற்று பிரவுசர்களின் கணக்கைப் பிரிக்கும்போது அதிகநேரம் எடுப்பது பயர்பாக்ஸ். காரணம், அது ஒன்றுதான் கூகுளின் பிளிங்க் இயந்திரத்தையோ ஆப்பிளின் வெப்கிட்டையோ நம்பாமல் தன் சொந்த இயந்திரமான கெக்கோவில் ஓடும் பெரிய பிரவுசர். மைக்ரோசாஃப்டே 2020 ஜனவரியில் தன் இயந்திரத்தைக் கைவிட்டு எட்ஜை குரோமின் அடித்தளமான குரோமியத்துக்கு மாற்றிக்கொண்டது. பயர்பாக்ஸை நடத்தும் மொசில்லாவின் வரவைப் பாருங்கள். 2022இல் மொத்தம் 59.3 கோடி டாலர், அதில் தேடுபொறி ஒப்பந்தங்கள் வழி வந்தது 51 கோடி, நூற்றுக்கு 86. 2023இல் மொத்தம் 65.3 கோடி, தேடுபொறி வழி 49.5 கோடி, நூற்றுக்கு 76. இந்தப் பணத்தில் பெரும்பகுதியைத் தருவது கூகுள்தான். 2025 மே மாதம் அதே ஏகபோக வழக்கில் சாட்சி சொன்ன மொசில்லாவின் நிதி அதிகாரி, நிறுவன வருவாயில் சுமார் 90 விழுக்காடு பயர்பாக்ஸிலிருந்து வருகிறது, அதிலும் சுமார் 85 விழுக்காடு கூகுள் தருவது என்றார்.

பயர்பாக்ஸுக்கு மாதம் சுமார் 20 கோடிப் பயனர்கள் என்று வைத்தால், 49.5 கோடி டாலர் என்பது தலைக்கு இரண்டரை டாலர், ஆண்டுக்கு இருநூறு ரூபாய். மாத ரீசார்ஜுக்கே இதைவிட அதிகம் ஆகிறது. அந்த இருநூறு ரூபாயைப் பயனர்களிடமிருந்து திரட்ட முடியாததால்தான் குரோமுக்கு மாற்றாக நிற்கும் பிரவுசர், குரோமின் முதலாளியிடமே படியளப்பு வாங்குகிறது.

அதன் விளைவு தெரியாமலும் இல்லை. 2024 ஜூனில் மொசில்லா அனானிம் என்ற விளம்பர அளவீட்டு நிறுவனத்தை வாங்கியது. அடுத்த மாதம் பயர்பாக்ஸ் 128இல் விளம்பர அளவீட்டுச் சோதனை ஒன்றைப் பயனர்களைக் கேட்காமலே இயக்கி வைத்தது. 2025 பிப்ரவரியில், உங்கள் தகவலை ஒருபோதும் விற்க மாட்டோம் என்ற உறுதிமொழியைத் தன் கேள்வி பதில் பகுதியிலிருந்து எடுத்தது. சில அமெரிக்க மாநிலச் சட்டங்கள் 'விற்பனை' என்ற சொல்லுக்குத் தரும் பொருள் மிக அகலமானது என்று காரணம் சொன்னது. காரணத்தில் நியாயம் இருக்கலாம். தனியுரிமையை நம்பி வந்தவர்களிடம் அந்த வாக்கியத்தை எடுத்தது பெரிய இழப்பு என்பதே என் கருத்து.

இத்தனைக்கும் பிறகும் நான் பலருக்கும் பயர்பாக்ஸைத்தான் சொல்கிறேன். மூன்றாம் தரப்பு குக்கிகளை நீக்குவோம் என்று 2020 ஜனவரியில் குரோம் அறிவித்தது, இரண்டே ஆண்டில் என்று. தேதி 2023க்கும், பிறகு 2024க்கும், பிறகு 2025க்கும் தள்ளிப்போய், 2024 ஜூலையில் திட்டமே கைவிடப்பட்டது. பயர்பாக்ஸ் கண்காணிப்பு குக்கிகளை 2019 செப்டம்பரிலேயே தடுக்கத் தொடங்கியது. சஃபாரி 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்பு குக்கிகளை முழுக்க நிறுத்தியது. 2022 ஜூன் முதல் பயர்பாக்ஸ் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனி டப்பாவில் அடைத்து வைக்கிறது.

இன்னொரு காரணம் யூபிளாக் ஆரிஜின். ரேமண்ட் ஹில் எழுதி இலவசமாகத் தரும் விளம்பர, கண்காணிப்புத் தடுப்பான். குரோமில் மட்டும் 3 கோடிப் பேருக்கு மேல் வைத்திருந்தார்கள். இப்படி பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் நீட்சிகளுக்கான விதிகளை 'மேனிஃபெஸ்ட் வி3' என்று கூகுள் மாற்றியது. முன்பு ஒவ்வொரு கோரிக்கையையும் வழியில் நிறுத்தி, விடலாமா வேண்டாமா என்று தடுப்பானே முடிவு செய்தது. இப்போது முன்கூட்டியே ஒரு பட்டியலை குரோமிடம் கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டும். ஒரு நீட்சிக்கு உறுதியாகக் கிடைப்பது 30,000 விதிகள். எல்லா நீட்சிகளுக்கும் பொதுவான 3 லட்சத்தில் இடம் இருந்தால் மேலும் போடலாம். 2025 நடுவில் குரோமில் பழைய யூபிளாக் முடங்கியது, 'லைட்' பதிப்பு மட்டும் மிச்சம். பயர்பாக்ஸில் முழுப் பதிப்பு அப்படியே ஓடுகிறது. முக்கியமாக, ஆண்ட்ராய்டு பயர்பாக்ஸிலும் ஓடுகிறது. ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சிக்கே இடமில்லை. ஒரு பக்கத்தின் நடுத்தர எடை செல்போனில் 2.3 மெகாபைட் என்று எச்டிடிபி ஆர்க்கைவ் 2024 அக்டோபரில் அளந்தது. விளம்பர நிரல்கள் இறங்காமல் நின்றால் மிச்சமாவது தனியுரிமை மட்டுமல்ல, நாள் கணக்கு டேட்டாவும்தான். மெட்டாவின் உள்வாசல் வேலையும், பிக்சல் நிரலே இறங்காத போனில் நடக்க வழியில்லை.

பிரேவின் கணக்குப் புத்தகம் வேறு மாதிரி. ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கிய பிரெண்டன் ஐக் 2015இல் தொடங்கியது. 2017இல் தன் மின்நாணயத்தை விற்று ஏறத்தாழ அரை நிமிடத்தில் 3.5 கோடி டாலர் திரட்டியது. தன் சொந்த விளம்பரம், தேடல், விபிஎன் சந்தா ஆகியவைதான் வருமானம். டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் டக்ளஸ் லீத் 2020இல் ஆறு பிரவுசர்களை அளந்தபோது, தன் நிறுவனத்துக்கு மிகக் குறைவாகத் தகவல் அனுப்பியது பிரேவ். குரோம், பயர்பாக்ஸ், சஃபாரி நடுவில் நின்றன. எட்ஜும் யாண்டெக்ஸும் கணினியின் வன்பொருளோடு ஒட்டிய அடையாள எண்ணையே அனுப்பின. அதே ஆண்டு ஜூனில், மின்நாணயச் சந்தைத் தளத்தின் பெயரைத் தட்டினால் பிரேவ் தன் தரகு இணைப்பைச் சேர்த்துவிடுவது அம்பலமாகி, மன்னிப்புக் கேட்டுத் திருத்தியது. 2025இல் அதன் மாதப் பயனர் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியது. நிறுவியதுமே தடுப்பான் வேலை செய்யும் என்பதால், அமைப்புகளைத் தொட விரும்பாத பெரியவர்களின் போனுக்கு இது பொருத்தம். முகப்பில் வரும் மின்நாணய விளம்பரங்களை மட்டும் நாமே அணைத்துக் கொடுத்துவிட வேண்டும்.

சென்னையின் ஜோஹோ 2023 மே மாதம் உலா பிரவுசரைக் கொண்டுவந்தது. இந்திய பிரவுசருக்காக மின்னணு அமைச்சகம் நடத்திய போட்டியில் 434 அணிகள் கலந்துகொண்டன. 2025 மார்ச்சில் முதல் பரிசு ஒரு கோடி ரூபாய் ஜோஹோவுக்குப் போனது. சம்பளம் எங்கிருந்து என்ற கேள்விக்கு உலாவிடம் நல்ல பதில் இருக்கிறது. 2022-23இல் ஜோஹோவின் வருவாய் 8,703 கோடி ரூபாய், லாபம் 2,836 கோடி, எல்லாம் நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்று வந்தது. விளம்பரம் அதன் தொழிலே இல்லை. எனக்குள்ள குறை இரண்டு. ஓடுவது குரோமியத்தில், அதனால் இயந்திரத்தின் திசையை முடிவு செய்வது கூகுள். மூலநிரல் திறந்திருக்கவில்லை, அதனால் சொல்வதை வெளியார் சரிபார்க்க வழி குறைவு.

விவால்டி, டக்டக்கோ இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விவால்டி ஊழியர்களுக்கே சொந்தமான நார்வே நிறுவனம், வருமானம் தேடுபொறி ஒப்பந்தம், இயந்திரம் குரோமியம். டக்டக்கோ பிரவுசர், தேடல் ஒப்பந்தம் காரணமாக மைக்ரோசாஃப்டின் சில கண்காணிப்பு நிரல்களை விட்டுவைத்தது 2022 மே மாதம் தெரியவந்தது. ஆகஸ்டில் தடுப்பை விரிவாக்கியது. பணம் தருபவர் பிரவுசருக்குள் எப்படி வந்து நிற்பார் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

வேவு பார்க்கப்படுவோம் என்ற உண்மையான அச்சம் இருப்பவர்களுக்கு, செய்தியாளருக்கோ வழக்கறிஞருக்கோ, மேலே சொன்ன எதுவும் போதாது. டார் ஒவ்வொரு இணைப்பையும் மூன்று கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்புகிறது. தொண்டர்கள் நடத்தும் இத்தகைய கணினிகள் ஏழாயிரத்துக்கு மேல். செலவு நேரத்தில் விழும்: பக்கங்கள் மெதுவாக வரும், பல தளங்கள் மனிதர்தானா என்று சோதனை வைக்கும், வங்கித் தளம் உள்ளே விடாமலும் போகலாம். டார் வலையமைப்பு வேண்டாம், அதே உருவ மறைப்பு மட்டும் போதும் என்றால், 2023 ஏப்ரலில் வந்த முல்வாட் பிரவுசர் இருக்கிறது. டார் திட்டத்தினரும் ஸ்வீடன் நாட்டு விபிஎன் நிறுவனமும் சேர்ந்து செய்தது. பிரவுசர் இலவசம். நிறுவனத்தின் வருமானம் மாதம் 5 யூரோ விபிஎன் சந்தா. 2009 முதல் அதே விலை.

பயனரே காசு கொடுக்கும் பழைய முறையும் மெல்லத் திரும்புகிறது. காகி நிறுவனத்தின் ஓரியன் பிரவுசருக்கு மாதம் 5 டாலர் அல்லது ஒரேயடியாக 150 டாலர் கொடுத்து ஆதரவு தரலாம். ஆப்பிள் கருவி இல்லாத நம்மில் பலருக்கு அது இப்போதைக்கு எட்டாது. லேடிபேர்ட் என்ற முற்றிலும் புதிய இயந்திரத்தை 2024 ஜூலையில் ஒரு லாபநோக்கற்ற அமைப்பு கையில் எடுத்தது. தொடக்க நன்கொடை 10 லட்சம் டாலர். தேடுபொறியிடம் காசு வாங்குவதில்லை என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட விதி.

2025 செப்டம்பர் 2ஆம் தேதி கூகுள் மீதான அந்த ஏகபோக வழக்கில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்புச் சொன்னார். குரோமை விற்க வேண்டியதில்லை. முதலிடத்துக்காக கூகுள் பணம் கொடுக்கலாம், பிறருக்கு இடமில்லை என்று ஒப்பந்தம் மட்டும் போடக்கூடாது. பயர்பாக்ஸின் வரவு அதனால் இப்போதைக்குத் தப்பியது.

பயர்பாக்ஸுக்குத் தலைக்கு ஆகும் அந்த இருநூறு ரூபாயை நாமே கொடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மொசில்லா அறக்கட்டளைக்குத் தரும் நன்கொடை பயர்பாக்ஸ் எழுதுவோருக்குப் போய்ச் சேராது. பயர்பாக்ஸை எழுதுவது அறக்கட்டளைக்குச் சொந்தமான தனி நிறுவனம். அதே குடும்பத்தின் தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருளுக்குத் தந்தால் அங்கேயே போகும். 2022இல் அதற்குப் பயனர்கள் கொடுத்தது 64 லட்சம் டாலர். டார், லேடிபேர்ட், மொசில்லா 2020இல் கைவிட்ட பின்னும் பிழைத்து நிற்கும் சர்வோ இயந்திரம் ஆகிய மூன்றுக்கும் நேரடியாகத் தரலாம். யூபிளாக் ஆரிஜினுக்கு மட்டும் தர முடியாது. ரேமண்ட் ஹில் நன்கொடை வாங்குவதில்லை. கொடுக்க விரும்பினால், தடுப்புப் பட்டியல்களை நாள்தோறும் பராமரிக்கும் தொண்டர்களுக்குக் கொடுங்கள் என்கிறார்.